செம்மண் சாலையில் ஓடும் காரின் துணி ஏர் ஃபில்டர்: கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிய அனுபவம்

குழாயைத் திறந்ததும் ஃபில்டரின் மடிப்புகளிலிருந்து முதலில் வடிந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. அது எங்கள் ஆலைக் கொதிகலனின் சாம்பல். கறுப்பு ஓய்ந்த பிறகுதான் சிவப்பு வந்தது. பெருமழைக்கு மறுநாள் தோட்டத்து வடிகாலில் ஓடுகிற தண்ணீரின் அதே சிவப்பு. ஓராண்டாக என் காரின் எஞ்சின் எதை மூச்சாக இழுக்கப் பார்த்தது என்பதை அந்தப் பேசினில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் இருப்பது சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார், நான் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். வீட்டிலிருந்து ஆலைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதில் ஏழு கிலோமீட்டர் தோட்டச் சாலை, தார் கிடையாது. வெயில் காலத்தில் பழக்குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போனால், அதன் பின்விளக்கு தெரியாத அளவுக்குச் செம்புழுதி எழும். அந்தப் புழுதிக்குள்தான் தினமும் இரண்டு முறை போய்வருகிறேன்.

கார் 2008-ஆம் ஆண்டின் டொயோட்டா வியோஸ், 1.5 லிட்டர். அதன் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் காகித ஃபில்டருக்குப் பதிலாக, கழுவிப் பயன்படுத்தும் துணி ஃபில்டர் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்டேன். பருத்தி வலைத்துணி பல அடுக்கு, அதன் இரு புறமும் அலுமினியக் கம்பிவலை, மடிப்பு மடிப்பாக மடித்து, சுற்றிலும் ரப்பர் போன்ற விளிம்பு. 1969-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் பெயர் பெற்ற வகை. இப்போது பலரும் செய்கிறார்கள்.

இந்தத் துணி தனியாக எதையும் பெரிதாகப் பிடிக்காது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நூல்களுக்கு நடுவே ஒளி தெரியும். தூசியைப் பிடிப்பது அந்த நூல்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய். காற்று நூலைச் சுற்றி வளைந்து போய்விடும். கனமான துகளால் அப்படி வளைய முடியாது, நூலில் மோதும், எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகளும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு அடுத்த துகளைப் பிடிக்கும். ஆகவே எண்ணெய் குறைந்த இடத்தில் ஃபில்டர் வெறும் சல்லடை. எண்ணெய் கூடிய இடத்தில் என்ன ஆகும் என்பதைப் போன ஆண்டு என் கையாலேயே செய்து தெரிந்துகொண்டேன். இந்தப் பதிவை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

போன ஆண்டு கழுவி முடித்ததும், கூட இருந்தால் கூடப் பாதுகாப்பு என்று எண்ணி, ஃபில்டர் முழுவதும் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவக்கும்வரை எண்ணெய் பிழிந்தேன். ஒரு மணி நேரம் மட்டும் வைத்துவிட்டுப் பொருத்தினேன். மூன்றாவது வாரம் எஞ்சின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் ஒரு நொடி தயங்கியது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பி0171, அதாவது எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்ற குறியீடு. பெட்ரோல் அளவில் கணினி செய்யும் நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 24 விழுக்காடு காட்டியது. கணினி தனக்குத் தெரிந்த கணக்கைவிடக் கால் பங்கு அதிகமாகப் பெட்ரோல் ஊற்றித்தான் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தது.

காரணம் காற்றளவு சென்சர். மெக்கானிக்குகள் எம்.ஏ.எஃப். சென்சர் என்பார்கள். வியோஸில் அது ஃபில்டரைத் தாண்டியதும் காற்றின் வழியிலேயே இருக்கிறது. உள்ளே மெல்லிய கம்பி ஒன்று சூடாக வைக்கப்பட்டிருக்கும். காற்று அதைக் குளிரவைக்கும். மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போனது என்று கணினி கணக்கிடும். கம்பியின்மேல் எண்ணெய் படிந்து, அதில் நுண்தூசியும் ஒட்டினால் கம்பிக்குப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். காற்று நிறையப் போனாலும் குறைவாகத்தான் தெரியும். கணினி குறைவாகப் பெட்ரோல் விடும். கலவை மெலியும், வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சுவதை இன்னொரு சென்சர் கண்டுபிடித்து, இன்னும் ஊற்று என்று சொல்லும். 24 விழுக்காடு அப்படி ஏறியதுதான்.

இத்தகைய ஃபில்டர் செய்பவர்கள், சரியான அளவில் பூசிய எண்ணெய் சென்சர்வரை போகாது என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன். தவறு அளவில் இருந்தது. எல்லாக் காரிலும் இந்தச் சிக்கல் வராது என்பதையும் சொல்ல வேண்டும். சூடான கம்பி இல்லாமல், காற்றுக்குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் கார்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் கார் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை மார்ச் மாதத்தில், பங்குனி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுத்தேன். கழுவ அரை மணி போதும். உலர்த்துவதற்குத்தான் நாள் வேண்டும். எண்ணெய் ஊறுவதற்கு ஓர் இரவு வேண்டும். அதுவரை கார் தேவைப்பட்டால் போடுவதற்குப் பழைய காகித ஃபில்டரை எடுத்து வைத்தேன். ஃபில்டர் இல்லாமல் கடைக்குப் போய்வருவதுகூட எங்கள் ஊர்ச் சாலையில் செய்யத் தகாத காரியம்.

வெள்ளிக்கிழமை மாலை எஞ்சின் ஆறிய பிறகு பெட்டியின் கிளிப்புகளை நெம்பி மூடியைத் தூக்கினேன். ஃபில்டரை உடனே வெளியே இழுக்கவில்லை. கைவிளக்கை அடித்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், எஞ்சினுக்குப் போகும் சுத்தமான பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி அந்தப் பக்கச் சுவரைத் துடைத்தேன். மூன்று மூலைகளில் துணி வெள்ளையாகவே வந்தது. நான்காவது மூலையில் நூல்போல ஒரு சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. ஃபில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விளிம்பு சரியாக உட்காராத ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும். காற்று எளிய வழியைத்தான் தேடும். எங்கள் செம்மண்ணில் இரும்புத் துரு நிறம் மட்டும் இல்லை, குவார்ட்ஸ் மணலும் இருக்கிறது. அது சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினால் உப்புத்தாள் வேலை செய்யும். எஞ்சின் உடனே நிற்காது. பல ஆண்டுகள் கழித்து எண்ணெய் குடிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும்.

காரணம் தேடினேன். பெட்டியின் கீழ்ப்பாதியில் விளிம்பு உட்காரும் பள்ளத்தில், அந்த மூலையில் மட்டும் புழுதி இறுகி மண்கட்டியாகி இருந்தது. விளிம்பு அதன்மேல் ஏறி நின்றிருக்கிறது. பழைய பல்துலக்கியால் சுரண்டி, ஈரத்துணியால் பள்ளம் முழுவதும் துடைத்தேன். விளிம்பிலும் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்து வளைத்துப் பார்த்தேன். இல்லை. முந்தைய மூன்று முறையும் ஃபில்டரைத்தான் கழுவினேனே தவிர, அது உட்காரும் இடத்தை நான் ஒருமுறையும் கழுவியதில்லை.

கழுவுவதற்கு முன் மனைவி கேக் செய்யப் பயன்படுத்தும் தராசின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஃபில்டரை எடை போட்டேன். 279 கிராம். எடை போடுவது என் சொந்த யோசனை இல்லை. ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5011 என்ற முறையிலும், குறிப்பிட்ட தூசியை ஊட்டி, முன்னும் பின்னும் எடை பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். வீட்டுத் தராசுக்கு அந்தத் துல்லியம் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு அது விடை சொல்லும்: துணி முழுவதும் உலர்ந்துவிட்டதா, எவ்வளவு எண்ணெய் போட்டேன்?

கழுவும் மருந்தும் எண்ணெயும் சேர்ந்த பெட்டியை 65 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மருந்தை இரு புறமும் தெளித்து, பேசினில் பத்து நிமிடம் வைத்தேன். காய்ந்துவிடக் கூடாது; காய்ந்தால் இளகிய அழுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு விட வேண்டும்; வந்த வழியே தூசியைத் திருப்பி அனுப்புகிறோம். எதிர்ப்பக்கம் விட்டால் தூசி துணிக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். மூன்று முறை மருந்து, மூன்று முறை தண்ணீர். மூன்றாவது முறை தண்ணீர் தெளிந்து வந்தது. துணியில் பழுப்புக் கறை கொஞ்சம் மிஞ்சியது, அதற்காகத் தேய்க்கவில்லை. தேய்த்தால் நூல் இடம்பெயரும்.

அப்பா வீட்டின் முன் தாழ்வாரமான அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டிராக்டரின் ஃபில்டரை அவர் டீசலில்தான் கழுவுவார். அதைச் சொன்னார்.

“ஒரு கிண்ணம் டீசல் இருந்தால் ஐந்து நிமிட வேலை, தம்பி. எதற்கு இத்தனை மருந்து?”

“உங்கள் டிராக்டரில் இருந்தது இரும்புக் கம்பிவலை, அப்பா. இது பருத்தி. சுற்றிலும் இருக்கிற இந்த விளிம்பு டீசலில் ஊதிப்போகும். ஊதினால் பெட்டியில் சரியாக உட்காராது.”

அவர் எழுந்து வந்து ஈர விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அவர் ஓட்டிய மாஸி ஃபெர்குசன் டிராக்டரில் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் ஃபில்டர் இருந்தது. காற்று குழாய் வழியே கீழே இறங்கி, கிண்ணத்தில் நிற்கும் எண்ணெயின்மேல் மோதித் திரும்பி மேலே ஏறும். திரும்பும்போது கனமான தூசி எண்ணெயில் விழுந்துவிடும். தப்பியது எண்ணெய் நனைந்த கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் உட்சுவரில் ஒரு கோடு இருக்கும். சிறுவயதில் விடுமுறை நாட்களில் எண்ணெய் ஊற்றும் வேலையை எனக்குக் கொடுப்பார். ஊற்றும்போது என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக் குடிக்கும். டீசல் எஞ்சினுக்கு அது எரிபொருள். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போய் வெடிக்கவும் கூடும். அந்த ஒரு கோட்டுக்கு அவர் கொடுத்த மரியாதையைப் போன ஆண்டு நான் கொடுக்கவில்லை.

கழுவியதும் ஃபில்டரை உதறவில்லை, காற்றடிக்கவும் இல்லை. ஆலையில் ஏழு பார் அழுத்தத்தில் காற்றுக்குழாய் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் உலர்த்திவிடலாம் என்று கை துடிக்கும். அந்த அழுத்தம் பருத்தி நூல்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போட்டுவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியும் வேண்டாம். சூட்டில் பருத்தி சுருங்கும். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், நிழலில், காற்று இருபுறமும் போகும்படி இரண்டு செங்கற்களின்மேல் நிறுத்தினேன்.

எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும். மடிப்பின் அடியில் ஈரம் ஒளிந்திருக்கும். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய் அந்த இடத்தில் நூலுக்குள் இறங்காது. தராசு இங்கேதான் கைகொடுத்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு 252 கிராம். நண்பகலில் 243. மாலை ஐந்துக்கு 241. இரவு ஒன்பதுக்கும் 241. எடை இறங்குவது நின்றுவிட்டது, தண்ணீர் போய்விட்டது. காலையில் விரலால் தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது பதினொரு கிராம் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது.

அந்த 241-ஐக் காரின் ஃபில்டர் பெட்டி மூடியில் எழுதும் பேனாவால் எழுதி வைத்தேன். இனி ஒவ்வொரு முறையும் அதுதான் தொடக்கப்புள்ளி.

எண்ணெய் பூசும்போது அக்காள் மகன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, புரோட்டோன் சத்ரியா கார் வைத்திருக்கிறான். கைவிளக்கைப் பிடிக்கச் சொன்னேன்.

இதற்கான எண்ணெய் தனி. எஞ்சின் எண்ணெயோ கியர் எண்ணெயோ கூடாது. அவை ஒட்டுந்தன்மை போதாமல் காற்றோடு கிளம்பிவிடும். இந்த எண்ணெய் பிசுபிசுப்பாக நூலைப் பற்றிக்கொள்ளும். பூசிய இடம் தெரியச் சிவப்புச் சாயமும் சேர்த்திருக்கிறார்கள். அழுக்குப் பக்கத்திலிருந்து, ஒரு மடிப்புக்கு ஒரே கோடு, நெற்றியில் திருநீற்றுக் கீற்று இழுப்பதுபோல் ஒரே ஓட்டமாக இழுத்தேன். போன இடத்துக்குத் திரும்பப் போகவில்லை. முடித்தபோது ஃபில்டரில் பாதிக்குமேல் வெள்ளையாகத்தான் இருந்தது. போன ஆண்டு இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து பாட்டிலை மறுபடி எடுத்தேன்.

“மாமா, பாதி இடம் வெள்ளையாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் போட வேண்டாமா?”

“இருபது நிமிடம் ஒன்றும் செய்யாதே. சும்மா பார்.”

கைவிளக்கை ஒரே மடிப்பின்மேல் சாய்த்துப் பிடித்தான். சிவப்புக் கோடு அசையாமல் நிற்பதுபோல்தான் இருந்தது. இரண்டு நிமிடத்தில் அதன் ஓரம் கலைந்து, நூலின் வழியே தனித்தனி மயிரிழைகளாகக் கீழே இறங்கத் தொடங்கியது. குறுக்கு நூலைத் தொட்டதும் அங்கேயும் பக்கவாட்டில் பிரிந்தது. மேலே அடர்சிவப்பாக இருந்த கோடு வெளிற, கீழே வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பானது. பத்து நிமிடத்தில் மடிப்பின் அடி நனைந்தது. பதினைந்தில், ஃபில்டரைத் திருப்பினால் மறுபக்கமும் லேசாகச் சிவந்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட நாங்கள் கூட்டவில்லை.

இருபது நிமிடம் கழித்து இரண்டு இடங்களில் மட்டும் விரல்நுனி அளவு வெள்ளை மிஞ்சியிருந்தது. அங்கே மட்டும் ஒரு பொட்டு. தராசில் வைத்தேன்: 262. ஆக 21 கிராம் எண்ணெய். போன ஆண்டு எவ்வளவு போட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை; பாட்டில் பாதிக்குமேல் காலியானது நினைவிருக்கிறது. இந்த 21 என் ஃபில்டரின் அளவுக்கு உரியது. பெரிய ஃபில்டருக்குக் கூடும், சிறியதற்குக் குறையும். நிறம்தான் எல்லோருக்கும் பொது. இருபுறமும் ஒரே சீரான இளஞ்சிவப்பு, எங்கும் ஈரம் மினுக்கக் கூடாது. இரவு முழுவதும் சமையலறைக் காகிதத்தின்மேல் நிறுத்தி வைத்தேன். காலையில் காகிதத்தில் சிவப்புக் கறை இல்லை. போன ஆண்டே இந்தக் காகிதத்தை வைத்திருந்தால் சென்சர் கெட்டிருக்காது.

அந்த இருபது நிமிடக் காத்திருப்பில் மருமகன் தன் திட்டத்தைச் சொன்னான். சத்ரியாவின் ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தவெளியில் மாட்டப்போகிறானாம்; சத்தமும் நன்றாக இருக்குமாம். சத்தம் நன்றாக இருக்கும் என்பது உண்மைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பெட்டி இல்லாவிட்டால் அந்தக் கூம்பு எஞ்சினின் சூட்டைத்தான் இழுக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. வெளியே 33 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்றால் எவ்வளவு இழப்பு என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். போட்டான், கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்படியானால் உங்கள் ஃபில்டரால் பவர் கூடவில்லையா, மாமா?”

“என் காரில் எனக்குத் தெரிகிற அளவுக்குக் கூடவில்லை.”

இதை மறைக்க நான் விரும்பவில்லை. மாற்றம் செய்யாத சாதாரண எஞ்சினில் இவ்வகை ஃபில்டரால் நான் வேகத்தையும் உணரவில்லை, பெட்ரோலும் மிச்சமாகவில்லை. சாதாரணமாக ஓட்டும்போது காற்றைத் தடுத்து நிறுத்துவது ஆக்ஸிலேட்டரோடு அசையும் தட்டுதான். அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரின் தடை அதனோடு ஒப்பிட்டால் சிறியது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, கணினி கட்டுப்படுத்தும் நவீன பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டர்கூட எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல காகித ஃபில்டர் பொதுவாகத் துணியைவிட ஒருபடி மேல் என்பதும் என் எண்ணம். தார்ச் சாலையில் மட்டும் ஓடுபவர் கேட்டால் காகிதமே போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு நான் ஏன் இதை வைத்திருக்கிறேன்? எங்கள் சாலையில் காகித ஃபில்டர் நான்கு மாதத்தில் செங்கல்லாகிவிடும். தட்டினால் மேல்புழுதி உதிரும்; மடிப்புக்குள் போனது வராது. தூக்கிப் போட்டுப் புதியது வாங்க வேண்டும். இதைக் கழுவலாம், திறந்து பார்க்கலாம், அளக்கலாம். பராமரிக்கத் தெரிந்தவன் கையில் இது காகிதத்தைவிட நீண்டகாலம் சரியாக மூச்சுவிடும். பராமரிக்க நேரமில்லாதவன் கையில் எஞ்சினுக்கே கேடு. நல்ல நெடுஞ்சாலையில் இவ்வகை ஃபில்டர் 80,000 கிலோமீட்டர்வரை கழுவாமல் ஓடும் என்று செய்பவர்கள் சொல்வதுண்டு. அந்த எண்ணைத் தோட்டத்துக்காரர்கள் மறந்துவிட வேண்டும். எனக்கு இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

ஞாயிறு காலை, ஃபில்டரைப் பொருத்துவதற்கு முன் சென்சரைக் கவனித்தேன். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சென்சரின் இணைப்பை விடுவித்து, இரண்டு திருகுகளைத் திருகி மெல்ல உருவினேன். சிறிய பிளாஸ்டிக் நாக்கு. அதன் உள்வழியில் கைவிளக்கைப் பாய்ச்சினால் கம்பி தெரியும். போன ஆண்டு அந்தக் கம்பியில் கறுஞ்சிவப்பாய் ஒரு பஞ்சுப் படிவு, ஒட்டடை பிடித்த விளக்குத் திரி மாதிரி இருந்தது. இந்த முறை பளபளப்பாகவே இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு தூசி இழை. காற்றளவு சென்சருக்கென்றே விற்கும் துப்புரவுத் தெளிப்பானைப் பத்துப் பன்னிரண்டு முறை தூரத்திலிருந்து அடித்தேன். வேறு எந்தத் தெளிப்பானும் வேண்டாம். பிரேக் கழுவும் மருந்து அந்தப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கம்பியைப் பஞ்சாலோ துணியாலோ தொடவே கூடாது, அறுந்துவிடும். அரை மணி நேரம் உலரவிட்டுத்தான் திரும்ப மாட்டினேன்.

ஃபில்டரை வைத்ததும் நான்கு பக்கமும் விரலை ஓட்டி, விளிம்பு பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். மூடியின் பின்பக்கக் கொக்கிகள் முதலில் இறங்க வேண்டும், அப்புறம்தான் முன்கிளிப்புகள். அவசரத்தில் முன்பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டால் பின்பக்கம் வாய் திறந்திருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. மருமகனைக் கைவிளக்கோடு பின்பக்கம் குனிந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு கொக்கியும் விழுந்திருக்கிறது என்றான்.

முதல் ஒரு வாரம் ஸ்கேனரைச் செருகியே ஓட்டினேன். போன ஆண்டு சென்சரைக் கழுவிய பிறகு 24-லிருந்து இறங்கிய திருத்தம், பிறகு கூட்டல் 6 அளவில் நின்றிருந்தது. இந்த முறை கூட்டல் 2-க்கும் 3-க்கும் நடுவே நின்றது. விளக்கு எரியவில்லை. தயக்கமும் இல்லை.

மூன்று வாரங்களில் மூடியைத் திறந்து வெள்ளைத் துணியால் அந்த நான்காவது மூலையைத் துடைத்தேன். துணி வெள்ளையாக வந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

நேற்று 3,000 கிலோமீட்டர் ஆனது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். என் கார் குடித்தது 200 லிட்டர்போல. அதாவது பத்தடிக்குப் பத்தடி அறைகள் அறுபத்தைந்தில் இருக்கும் காற்று அந்தத் துணி வழியாகப் போயிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றித் தராசில் வைத்தேன். 265 கிராம். அழுக்குப் பக்கம் மடிப்புகளின் உச்சியில் செம்புழுதி மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது, சுத்தமான பக்கம் அதே இளஞ்சிவப்பு. மூன்று கிராம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மூடியில் 241-க்குக் கீழே 262, அதற்கும் கீழே 265 என்று எழுதி, தேதியைப் போட்டுக் கிளிப்பை அழுத்தினேன்.